மோப்ப நாய் ஓடி நின்ற இடம்

கேள்வி இது: "ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அவரிடம் ஒரு மோப்ப நாய் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்புத் துலக்குகிறார்கள். கடைசியில் ஊரே கூடி நிற்க, நாய் நேராகப் போய்க் கொலையாளியின் கையைக் கவ்வுகிறது, வழக்கு முடிகிறது. நிஜத்தில் இப்படி நடக்குமா? நம்பும்படி எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்?"

நாய் ஒருவர் முன்னால் போய் நிற்பது நடக்கும். வழக்கு அதோடு முடிவது நடக்காது. தடய அறிவியல் துறையில் 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கொலை நடந்த இடங்களுக்குக் கைரேகைக்காரர்களோடும் நாய்ப் பிரிவோடும் ஒரே நேரத்தில் போய் இறங்கியவள். அந்த அனுபவத்திலிருந்தும் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். நாய் காட்டுவது ஒரு திசையை மட்டும்தான். அந்தத் திசையில் போய், நாயே இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஆதாரத்தைத் தேடி எடுப்பது உங்கள் இன்ஸ்பெக்டரின் வேலை. கதையின் சுவாரசியமும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். நம் ஊர் நடைமுறையில் இன்ஸ்பெக்டரிடம் நாய் இருக்காது. விசாரணை அதிகாரி வேறு, நாயைக் கையாள்பவர் வேறு. துப்பறியும் நாய் படைப்பிரிவு தனியாக இயங்குகிறது. தமிழகக் காவல்துறையில் அது 1951-ல் சென்னையில் தொடங்கியது, இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. நாய் இருப்பது அந்தப் பிரிவின் கூண்டுகளில். அதோடு வருபவர் ஒரு காவலரோ தலைமைக் காவலரோ. துறைக்குள் அவரை 'ஹேண்ட்லர்' என்றே சொல்வார்கள். குட்டியாக வந்த நாளிலிருந்து அதற்குச் சோறு வைப்பதும், குளிப்பாட்டுவதும், உண்ணி எடுப்பதும், பயிற்சி கொடுப்பதும் அவர்தான். நாய் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் ஒரே ஹேண்ட்லர்தான் இருப்பார். இந்திய அளவில் பெரிய பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில் குவாலியருக்குப் பக்கத்தில் உள்ள டேகன்பூரில் இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படை அதை 1970-ல் தொடங்கியது. நாயும் ஹேண்ட்லரும் சேர்ந்தே பல மாதங்கள் பயிற்சி எடுப்பார்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு பெண்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் விசாரணை நடத்தும் இன்ஸ்பெக்டர், இன்னொருவர் நாயோடு வரும் பெண் காவலர். பெண் காவலர்களும் இப்போது இந்தப் பிரிவுக்கு வருகிறார்கள். ஒருவருக்குச் சட்டம் தெரியும், இன்னொருவருக்கு நாய் தெரியும். காவலர் இன்ஸ்பெக்டரை 'மேடம்' என்றோ 'அம்மா' என்றோ கூப்பிடுவார். பதவியில் சின்னவர் என்றாலும், நாய் என்ன சொல்கிறது என்பதில் அவர் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. இந்த இருவரின் உறவே கதைக்கு நல்ல முதுகெலும்பாக இருக்கும்.

இன்னொன்று, எல்லா மோப்ப நாயும் எல்லா வேலையும் செய்யாது. வெடிகுண்டு தேடும் நாய் வேறு, போதைப்பொருள் தேடும் நாய் வேறு, குற்றம் நடந்த இடத்திலிருந்து ஆளைத் தொடரும் நாய் வேறு. கொலை வழக்குக்கு வருவது மூன்றாவது வகை. வெடிகுண்டு நாய் பொருளைக் கண்டதும் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்காரும். தொடரும் நாய் தலையைக் கீழே போட்டுக்கொண்டு ஹேண்ட்லரை இழுத்துக்கொண்டே போகும். இரண்டையும் கதையில் கலந்துவிடாதீர்கள்.

இப்போது மூக்கு. மனித மூக்கில் சுமார் 50 லட்சம் மோப்ப உயிரணுக்கள் இருக்கின்றன. நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணிக்கை மட்டும் காரணமில்லை, மூக்கின் அமைப்பே வேறு. நாம் மூச்சை விடும்போது உள்ளே வந்த வாசனையும் சேர்ந்து வெளியே போய்விடும். நாய்க்கு நாசித் துளைகளின் பக்கவாட்டில் ஒரு பிளவு உண்டு. விடும் மூச்சு அதன் வழியாகப் பின்பக்கமாகப் போகும். அப்படிப் போகும்போது தரையில் கிடக்கும் புது வாசனையைக் கிளப்பி முன்பக்கத் துளைக்குள் தள்ளவும் செய்யும். இரண்டு துளைகளும் தனித்தனியாக மோப்பம் பிடிப்பதால், வாசனை இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் அதற்குத் தெரியும். செக் குடியரசில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடும், ஒரே கருவில் பிறந்த இரட்டைக் குழந்தைகளைக்கூடப் பயிற்சி பெற்ற 10 ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களும் தவறில்லாமல் வேறுபடுத்தின. ஆகவே நாயின் மூக்கைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நாய் எதைத் தொடர்கிறது? நம் உடம்பிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதில் வியர்வை, எண்ணெய்ப் பசை, பாக்டீரியா எல்லாம் ஒட்டியிருக்கும். அந்தக் கலவைதான் ஆளுக்கு ஆள் மாறும் வாசனை. அதோடு, நடக்கும்போது காலடியில் புல் நசுங்கும், மண் கிளறும். அதுவும் ஒரு வாசனைக் கோடு. காலை நேரம், லேசான ஈரம், காற்று அடங்கிய வயல்வெளி, இவையெல்லாம் நாய்க்குச் சாதகம். சித்திரை மாத மதியம், கொதிக்கும் தார்ச்சாலை, வண்டி போய்வரும் கடைத்தெரு, இவை மூன்றும் பாதகம். உங்கள் கொலை இரவில் நடந்து, உடலை விடியற்காலையில் யாரோ பார்த்து, நாய் வரும்போது மணி பதினொன்று ஆகியிருந்தால், அந்த ஆறு மணி நேரத்தில் என்னென்ன போயிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் மனசில் ஓட வேண்டும்.

அதைவிடப் பெரிய சேதம் கூட்டத்தால் வருவது. கிராமத்தில் ஒரு சாவு என்றால் போலீஸ் வருவதற்குள் ஊரே வந்து நின்றிருக்கும். பெண்கள் உடலைத் தொட்டு அழுதிருப்பார்கள். யாரோ துணி போட்டு மூடியிருப்பார்கள். வாசலில் ஐம்பது பேர் காலடி விழுந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பெற்ற பிள்ளை கிடக்கும்போது 'தொடாதே' என்று யாரிடம் சொல்வது? அதனால்தான் முதலில் போய்ச் சேரும் காவலர் கயிறு கட்டுவது அத்தனை முக்கியமாகிறது. சம்பவ இடத்தில் முதலில் நாய், அப்புறம் கைரேகை, போட்டோ, நாங்கள், அதற்கும் அப்புறம் மற்றவர்கள் என்ற வரிசை நடந்தால் நல்லது. எப்போதும் நடப்பதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று அதன் 176(3) பிரிவு சொல்கிறது. இதை நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. உங்கள் கதை இன்றைய காலத்தில் நடந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

நாய்க்கு மோப்பம் காட்டும் பொருளில் பல வழக்குகள் தொலைந்துபோயிருக்கின்றன. கொலைகாரன் விட்டுப்போன செருப்போ, துண்டோ, அரிவாள் பிடியோ கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதை முதலில் வந்த காவலர் வெறுங்கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டால்? நாய் அந்தக் காவலரையே சுற்றிச்சுற்றி வரும். பொருளைக் கையால் தொடாமல், சுத்தமான துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, அந்தத் துணியை மூடிய புட்டியில் எடுத்துக்கொள்வது ஒரு முறை. தொட்டவர்கள் யார் யார் என்று தெரிந்தால் அவர்களை நாயின் முன்னால் நிறுத்தி, 'இவர்கள் இல்லை, விட்டுப்போன இன்னொருவர்' என்று அவர்களை நாயே விலக்கிவிட வைக்கும் முறையும் உண்டு. உங்கள் இன்ஸ்பெக்டர், செருப்பைத் தொட்ட ஏட்டைத் திட்டாமல், கூப்பிட்டு நாயின் முன்னால் நிறுத்துகிறார் என்று எழுதிப் பாருங்கள். அந்த ஒரு காட்சியிலேயே அவர் யார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

சரி, நாய் கிளம்பிவிட்டது. நம் செய்தித்தாள்களில் வரும் வாக்கியம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும்: "மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடிப் போய் நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." படிப்பவர்கள் நாய் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். நாய் நின்ற இடம் ஒரு தகவல். அதுவரை ஒருவன் நடந்து போயிருக்கிறான், அதற்குமேல் அவன் கால் தரையில் படவில்லை என்று அது சொல்கிறது. பெரும்பாலும் அங்கே அவன் ஒரு வண்டியில் ஏறியிருப்பான்.

அதை வைத்துக்கொண்டு எத்தனை கேள்வி கேட்கலாம் பாருங்கள். வண்டியை அங்கே விட்டுவிட்டு நடந்து வந்தானா, இல்லை யாராவது காத்திருந்தார்களா? காத்திருந்தால் அங்கே பீடித் துண்டோ, தண்ணீர் பாக்கெட்டோ, எண்ணெய்ச் சொட்டோ இருக்கும். மண் சாலையாக இருந்தால் டயர் தடம் இருக்கும், அதை அச்சு எடுக்கலாம். அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் எந்தக் கடையில், எந்தப் பெட்ரோல் பங்க்கில் கேமரா இருக்கிறது? எந்த நேரத்துப் பதிவைப் பார்க்க வேண்டும்? எந்தச் செல்போன் கோபுரத்தின் கணக்கைக் கேட்க வேண்டும்? நாய் நின்றதால் ஒரு மாவட்டம் முழுக்கத் தேட வேண்டியது ஒரு சாலைத் திருப்பத்துக்குச் சுருங்கிவிட்டது.

போன வழியும் தகவல்தான். நேராக மெயின் ரோட்டுக்குப் போகாமல், கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, பம்புசெட் தொட்டியைச் சுற்றி, வரப்பு வழியாக நாய் போனால், போனவனுக்கு அந்த ஊர் வழி தெரியும் என்று அர்த்தம். தொட்டிப் பக்கம் நாய் தயங்கிச் சுற்றினால் அவன் அங்கே நின்றிருக்கிறான். கை கழுவினானா? தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆயுதம் அங்கே கிடக்கலாம். நாங்கள் அந்தத் தொட்டியின் விளிம்பில் ரத்தம் இருக்கிறதா என்று பஞ்சில் ஒற்றி எடுப்போம். நாயின் பாதையை 'மாதிரி வரைபடத்தில்', அதாவது சம்பவ இடத்தைக் கையால் வரையும் படத்தில், குறித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் பின்னால் நடக்க வேண்டும். ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் கிடைக்காது.

மிளகாய்ப்பொடியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். தூவினால் நாய் ஏமாறுமா? அதன் மூக்கு எரியும், தும்மும், கொஞ்ச நேரம் வேலை செய்யாது. நல்ல ஹேண்ட்லர் நாயை விலக்கி, ஓய்வு கொடுத்து, வேறொரு முனையிலிருந்து தொடங்குவார். ஆனால் மிளகாய்ப்பொடியே ஒரு தடயமாகிவிடும். அது தூவப்பட்டிருக்கிறது என்றால் கொலை ஆத்திரத்தில் நடக்கவில்லை, யோசித்து நடந்திருக்கிறது. பொடி நகத்துக்கு அடியிலும் சட்டைப் பையிலும் தங்கும். கடைப் பாக்கெட்டா, வீட்டில் அரைத்ததா என்று பார்க்கலாம்.

இப்போது நான் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். நாய் பேசாது. அது வாலை உயர்த்துவது, திறந்திருந்த வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சிழுப்பது, தலையைத் திடீரென்று தூக்கிப் பின்னால் திரும்புவது, இதையெல்லாம் பார்த்து 'இங்கே வாசனை இருக்கிறது', 'இங்கே விட்டுப்போச்சு' என்று சொல்பவர் மனிதர். அதேபோல் அந்த மனிதரின் உடம்பையும் நாய் படித்துக்கொண்டே இருக்கிறது. கயிற்றின் இறுக்கம், நடையின் வேகம், எங்கே பார்க்கிறார், எங்கே மூச்சை அடக்குகிறார் எல்லாம் அதற்குத் தெரியும். தன்னை வளர்த்தவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று வாழும் பிராணி அது.

இதை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. கலிபோர்னியாவில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு அது. போதைப்பொருளும் வெடிமருந்தும் தேடப் பயிற்சி பெற்ற 18 நாய்-ஹேண்ட்லர் ஜோடிகளை ஒரு தேவாலயக் கட்டடத்துக்கு அழைத்து வந்தார்கள். அங்கே எந்தப் பொருளும் ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் 'இருக்கலாம், சிவப்புக் காகிதம் ஒட்டிய இடம் அதற்கு அடையாளம்' என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லியிருந்தார்கள். மொத்தம் 144 தேடல்கள். தவறான எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. தவறாகக் 'கண்டுபிடித்தது' 225 முறை. இருக்கும் என்று மனிதர் நம்பிய இடங்களில் அது அதிகம் நடந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நம்பிக்கை கயிறு வழியாக இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒருவர்மேல் சந்தேகம் இருந்தால், அதை ஹேண்ட்லரிடம் சொல்லக் கூடாது. நாய் வரும்போது அந்த நபர் எங்கே நிற்கிறார் என்பதும் அந்தப் பெண் காவலருக்குத் தெரியக் கூடாது. மேலதிகாரி, பத்திரிகை, இறந்தவரின் உறவினர் என்று எல்லாரும் நெருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது சுலபமில்லை. "யாருன்னு சொல்லுங்க மேடம், அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று காவலர் கேட்க, "உனக்குத் தெரியவே வேண்டாம்" என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். எனக்குத் தெரிந்து, நேர்மையான விசாரணை என்றால் இந்த இரண்டு வரிதான்.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கிறது? ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969-லேயே இதைப் பேசியது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறி சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதற்காக ஹேண்ட்லர் வந்து சொல்வது கேள்விப்பட்டதைச் சொல்வது போலாகிறது, ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்ற ஆட்சேபங்களை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. 2001-ல் ஓர் ஆந்திர வழக்கில் இன்னும் நேராகவே சொன்னது: நாயோ அதன் பயிற்றுநரோ தவறு செய்யலாம், நாயின் நடத்தையைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம், நாய் எப்படி அடையாளம் காண்கிறது என்பதே அறிவியல்படி முழுமையாகத் தெளிவாகவில்லை. புலனாய்வுக்கு நாயைப் பயன்படுத்தலாம், நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றது. 2008-ல் ஓர் அசாம் வழக்கிலும் அதே நிலைதான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 1993-ல் தீர்ப்பான டெல்லி வழக்கு. மனைவி கொலையானார், கணவர்மேல் குற்றச்சாட்டு. நாய் அவரைச் சுட்டியது என்பதும் வழக்கில் வந்தது. நாய் சுட்டுவது தவறான சந்தேகத்துக்கும் இட்டுச் செல்லலாம் என்று சொல்லி, மற்ற ஆதாரங்களும் போதாமல், உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நினைத்துப் பாருங்கள், வீட்டுக்குள் நடந்த கொலையில் வீட்டுக்காரரின் வாசனை எங்கும் இருக்கும். தலையணையில், கதவுத் தாழ்ப்பாளில், இறந்தவரின் சேலையிலேயே இருக்கும். நாய் அவரிடம் போனால் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அதற்கு 'இவர்தான் கொன்றார்' என்று பொருள் சொல்வதுதான் நம் தவறு.

அமெரிக்காவில் புளோரிடாவில் 1981-ல் ஒரு கொலை வழக்கு நடந்தது. ரத்தக்கறை படிந்த ஒரு டி-சர்ட்டையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் தன் நாய் இணைத்துக் காட்டியது என்று ஒரு ஹேண்ட்லர் சாட்சி சொன்னார். அந்த மனிதர் 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 2008-ல் அதே டி-சர்ட்டை டி.என்.ஏ. பரிசோதனை செய்தபோது அதில் இருந்தது அவருடையது இல்லை என்று தெரிந்து விடுதலையானார். உள்ளே போகும்போது அவருக்கு இருபத்து சொச்சம் வயது.

நம் கிராமங்களில் நீதிமன்றம் வரைகூடப் போக வேண்டியதில்லை. நாய் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும். அன்று சாயங்காலமே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அந்த வீட்டுக்காரர் இறந்தவருக்கு முந்தின நாள் பால் ஊற்றிக் கொடுத்தவராக இருக்கலாம், உடலை முதலில் தூக்கியவராக இருக்கலாம். போலீஸ் இரண்டு நாளில் வேறு ஆளைப் பிடித்தாலும், 'அன்னைக்கு நாய் இங்கேதானே நின்னுச்சு' என்ற பேச்சு நிற்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் கிளைமாக்ஸில் ஊர் கூடி நிற்க நாய் கவ்வுகிறது என்று படித்தபோது எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது. நாயை ஓட விடும்போது கூட்டத்தை விலக்கி வைக்கும் இன்ஸ்பெக்டரை எழுதுங்கள், தயவுசெய்து.

சரி, நாய் காட்டிய பிறகு வழக்கு எப்படி நிற்கிறது? கண்ணால் பார்த்த சாட்சி இல்லாத கொலையில், சூழ்நிலைச் சான்றுகள் ஒரு சங்கிலியாகக் கோத்து வர வேண்டும், நடுவில் ஒரு கண்ணியும் அறுந்திருக்கக் கூடாது. வேறு யாரும் செய்திருக்க வாய்ப்பில்லை என்ற முடிவுக்கே அந்தச் சங்கிலி கொண்டுபோக வேண்டும். 1984-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து விதிகளின் சாரம் இதுதான். நாய் இந்தச் சங்கிலியில் கண்ணி இல்லை, கண்ணி எங்கே கிடக்கிறது என்று காட்டியது மட்டுமே. பிடிபட்டவர் சொன்னதன் பேரில் கிணற்றிலிருந்து அரிவாள் எடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள அவருடைய பேச்சு மட்டும் சான்றாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27-ஆம் பிரிவு. இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 23-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. கண்டெடுத்ததைப் பதிவு செய்யும் மகஜரில் கையெழுத்துப் போடும் கிராம நிர்வாக அலுவலர், அரிவாளில் உள்ள ரத்தம் இறந்தவருடையது என்ற ஆய்வக அறிக்கை, கேமராவில் வண்டி போன நேரம், செல்போன் கோபுரக் கணக்கு எல்லாம் சேர வேண்டும். ஹேண்ட்லரும் தனியாக ஓர் அறிக்கை எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு நாயை விட்டேன், வெயிலா மழையா, எந்தப் பொருளைக் காட்டினேன், எந்த வழியாகப் போனது, எங்கே நின்றது. 'எங்கே தயங்கியது' என்பதையும் எழுதும் ஹேண்ட்லர் நல்ல ஹேண்ட்லர்.

உடல் கிடைக்காத கொலையாக இருந்தால் கதை வேறு திசையில் போகும். அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற நாய்கள் உண்டு. கேரளக் காவல்துறையின் மாயா, மர்ஃபி என்ற பெல்ஜியன் மலினாய்ஸ் நாய்கள் புதைந்த மனித உடலைத் தேடுபவை. 2022 அக்டோபரில் இலந்தூர் நரபலி வழக்கில், குற்றம் நடந்த வீட்டு வளாகத்தில் வேறு உடல்கள் இருக்கின்றனவா என்று தேட அவற்றைத்தான் கொண்டுவந்தார்கள். 2024 வயநாடு நிலச்சரிவிலும் அவை சேற்றில் இறங்கின. இந்த வகை நாய் ஆளைத் தேடுவதில்லை. உடல் சிதையும்போது வரும் வாசனையைத் தேடுகிறது. மண்ணுக்குள்ளிருந்து அது மேலே வரும் இடம் உடல் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்றும் இல்லை. சரிவில் நீர் ஓடும் பக்கமாகவோ, மரத்தின் வேர்ப் பக்கமாகவோ தள்ளி வரலாம்.

நாட்டு நாய் வைக்க ஆசையாக இருந்தால் ஒரு வார்த்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஓட்டத்தில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் மணிக்கணக்கில் தரையை முகர்ந்துகொண்டு போகும் வேலைக்கு டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், மலினாய்ஸ்தான் வழக்கம்.

நாயால் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கர்நாடகத்தின் தாவணகெரே மாவட்டக் காவல்துறையில் துங்கா என்று ஒரு டாபர்மேன் பெண் நாய் இருந்தது. 2020 ஜூலையில் ஒரு கொலை வழக்கில் சுமார் 12 கிலோமீட்டர் ஓடிப் போய், சந்தேகத்துக்குரியவரின் இருப்பிடத்தைக் காட்டியது. அதன் பெயரையே வைத்த துங்கா-2, 2024 ஜூலையில் இன்னொரு கொலை வழக்கில் மழைக்கு நடுவே சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது. போய் நின்ற வீட்டில் ஒரு பெண் அடிபட்டுக்கொண்டிருந்தார், அவர் உயிர் தப்பினார். கொலை நடந்து அதிக நேரம் ஆகாத வழக்கு அது. மழை பெய்தால் எல்லாம் அழிந்துபோகும் என்று நாமே முடிவுகட்டி நாயை ஜீப்பிலேயே உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்துக்கு என் யோசனை இது. நாய் கொலையாளியைக் கவ்வ வேண்டாம். முதல் நாளே அது ஒரு திருப்பத்தில் நின்றுவிடட்டும், செய்தித்தாளில் 'யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்று வரட்டும். இன்ஸ்பெக்டர் அந்தத் திருப்பத்துக்குத் திரும்பத் திரும்பப் போகட்டும். வழக்கு முடியும்போது சாட்சிப் பட்டியலில் நாயின் ஹேண்ட்லர் இல்லாமலேகூட இருக்கலாம்.

ஒரு விவரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடிக் கிடைக்காத நாளில் நல்ல ஹேண்ட்லர் நாயை அப்படியே கூண்டில் அடைக்க மாட்டார். ஏமாற்றத்தோடு படுத்தால் அடுத்த முறை அதன் ஆர்வம் குறைந்துவிடும். அதனால் நாய்ப் பிரிவுக்குத் திரும்பியதும், வண்டியை விட்டு இறக்குவதற்கு முன்னால், அந்தப் பெண் காவலர் தன் கைக்குட்டையை மைதானத்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வருவார். நாயை அவிழ்த்து விட்டுத் தேடச் சொல்வார். அது அரை நிமிடத்தில் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் போடும். அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் அதன் கழுத்தைத் தடவி, 'குட், குட்' என்று கொஞ்சுவார். இன்ஸ்பெக்டர் அப்போது ஜீப்பில் உட்கார்ந்து மாதிரி வரைபடத்தில் அந்தத் திருப்பத்தை வட்டம் போட்டுக்கொண்டிருக்கலாம்.